மின்சாரம் வந்த பிறகும்

இரண்டு சேர்வர்களைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றைக் கொத்தணியாக, அதாவது ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும்படி ஒரே குழுவாக, இணைக்காமல் விடுவது வேலை தெரியாதவர்கள் செய்வது என்று என் நண்பன் ஒருவன் சொன்னான். நல்லூர்த் திருவிழாவுக்காகக் கொழும்பிலிருந்து வந்திருந்தவன். அங்கே பெரிய தரவு நிலையமொன்றில் வேலை. நான் பராமரிக்கும் சிறிய தனியார் மருத்துவ நிலையமொன்றில் முன்பு கொத்தணியாக இருந்ததைப் பிரித்து, தனித்தனிச் சேர்வர்களாக்கிவிட்டேன் என்று பேச்சோடு பேச்சாக அவனிடம் சொல்லியிருந்தேன். அதற்குத்தான் இந்தத் தீர்ப்பு. "மச்சான், உலகமெல்லாம் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகிறது, நீ மட்டும் இரண்டிலிருந்து ஒன்றுக்கு வருகிறாய்" என்று சிரித்தான். தேர் பார்க்க வந்த சனத்துக்குள் நின்றுகொண்டு வாக்கு, சேமிப்பகம், மீட்பு என்று விவாதிக்க முடியுமா? நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்த வசனம் மனதை விட்டுப் போகவில்லை. அவனுக்குச் சொல்ல நினைத்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

அவன் சொன்னதில் பிழை இல்லை என்பதுதான் தொல்லை. அவன் வேலை செய்யும் கட்டடத்துக்கு இரண்டு வழிகளால் மின்சாரம் வருகிறது. கீழ்த்தளத்தில் மின்பிறப்பாக்கிகள், நடுவில் பெரிய யூ.பி.எஸ்., ஓயாத குளிரூட்டி. அங்கே ஒரு சேர்வர் சாகலாம், அறை சாகாது. ஒரு சேர்வருக்குள் பல கணினிகளை (மெய்நிகர் இயந்திரங்களை) மென்பொருளாக ஓட்டும் மெய்நிகராக்கம் பற்றி நாங்கள் படித்த எல்லாமே அப்படிப்பட்ட ஓர் அறையில் இருந்துகொண்டு எழுதப்பட்டவை. ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் இயந்திரத்தை நிறுத்தாமலே இன்னொரு சேர்வருக்கு நகர்த்துவது, ஒன்று விழுந்தால் மற்றது தானாகப் பொறுப்பேற்பது எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது: எந்தக் கணத்திலும் யாராவது ஒருவர் விழித்திருப்பார். யாழ்ப்பாணத்தில் நான் போய்வரும் அறைகளில் அந்த நம்பிக்கை செல்லாது. இங்கே ஒரு சேர்வர் மட்டும் சாவது அபூர்வம். எல்லாமே ஒரே கணத்தில் சாவது ஒவ்வொரு மாரியிலும் நடக்கிறது. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது யூ.பி.எஸ். பற்றரிகளுக்கு முழுதாக மின்னேறக்கூட அவகாசம் கிடைக்கவில்லை.

சேர்வர் அறை என்று நான் சொல்வதும் மரியாதைக்குத்தான். மருந்தகத்துக்குப் பின்னால் ஒரு சிறு அறை, பழைய கோப்புகள் அடுக்கிய அலுமாரி, உடைந்த கதிரை ஒன்று, அதன் அருகே சேர்வர்கள். ஒன்று இங்கே வாங்கியது. மற்றது வெளிநாட்டிலிருந்து யாரோ அன்பளிப்பாக அனுப்பிய, அங்கே ஓய்வு பெற்றுவிட்ட பெட்டி. அவற்றோடு, இரண்டுக்கும் பொதுவான வட்டுகளைக் கொண்ட சேமிப்பகம் ஒன்றும், எல்லாவற்றையும் இணைக்கும் சுவிட்ச் ஒன்றும். எங்கள் ஊரின் பாதி நிறுவனங்கள் இப்படித்தான் ஓடுகின்றன.

அந்த ஞாயிற்றுக்கிழமை

2025 பெப்ரவரி 9 முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை உப மின் நிலையத்துக்குள் குரங்கு ஒன்று புகுந்ததுதான் காரணம் என்று எரிசக்தி அமைச்சர் சொல்ல, நாடே குரங்கை வைத்துப் பகிடி விட்டது. எனக்கு அந்தப் பகிடியைவிட அடுத்த நாட்களில் நடந்ததுதான் அதிகம் யோசிக்க வைத்தது. நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் மூன்று அலகுகளும் நின்றுபோயின. அவை உடனே திரும்பவில்லை; அதனால் சுழற்சி முறையில் மின்வெட்டு வந்தது. மின்சாரத்தை உற்பத்தி செய்யும் இடத்துக்கே எழும்புவதற்கு மின்சாரம் தேவை. பம்பிகள் ஓட வேண்டும், விசிறிகள் சுழல வேண்டும். எனவே முழு வலையமைப்பும் இருண்டுபோனால் பொறியியலாளர்கள் நீர்மின் நிலையங்களிலிருந்து தொடங்குவார்கள். சிறிய பற்றரியும் சிறிய இயந்திரமும் இருந்தால் நீர்மின் நிலையம் தன் வாயிலைத் தானே திறந்துகொள்ளும். அதன் மின்சாரத்தால் அடுத்ததை எழுப்பலாம், அதனால் மூன்றாவதை. யார் முதலில் எழும்புவது, யார் யாரை எழுப்புவது என்று முன்கூட்டியே எழுதிவைத்த ஒழுங்கு அவர்களிடம் இருக்கிறது. எங்கள் சேர்வர் அறைகளில் அந்த ஒழுங்கு எங்கே இருக்கிறது?

மருத்துவ நிலையத்திலிருந்து அழைப்பு வந்தபோது மின்சாரம் திரும்பியிருந்தது. வார இறுதியில்தான் கொழும்பிலிருந்து விசேட வைத்திய நிபுணர்கள் வருவார்கள் என்பதால் ஞாயிறு மாலை அங்கே கூட்டம் நிரம்பி வழியும். விளக்குகள் எரிந்தன, விசிறிகள் சுழன்றன, மருந்தகத்தின் குளிர்சாதனப் பெட்டியும் ஓடியது. ஆனால் நோயாளர் பதிவு, பற்றுச்சீட்டு, ஆய்வுகூட முடிவுகள் ஒன்றும் திறக்கவில்லை. சேர்வரின் பச்சை விளக்கு மட்டும் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது. அந்த ஏற்பாட்டைச் செய்தவர் திறமையான இளைஞர். 2022க்குப் பிறகு நாட்டை விட்டுப் போன எத்தனையோ பேரில் அவரும் ஒருவர். இப்போது மெல்பேர்னில் இருக்கிறார். அவர் புத்தகம் சொன்னபடியே செய்திருந்தார். இரண்டு சேர்வர்களிலும் மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் புரொக்ஸ்மொக்ஸ் மென்பொருள், இரண்டையும் சேர்த்துக் கொத்தணி, மெய்நிகர் வட்டுகள் பொதுச் சேமிப்பகத்தில். அதனால் எந்த இயந்திரத்தையும் எந்தச் சேர்வரிலும் ஓட்டலாம். ஒரு செயல்விளக்கத்தில் பார்த்தால் கைதட்டத் தோன்றும்.

முதலில் பார்த்தது கோரம். கொத்தணியில் ஒவ்வொரு சேர்வருக்கும் ஒரு வாக்கு. பாதிக்கு மேல் வாக்கு சேராமல் எந்த மெய்நிகர் இயந்திரமும் எழாது. ஒரே தரவை இரண்டு பக்கத்திலிருந்தும் எழுதிக் குழப்பிவிடக்கூடாது என்பதற்கான காவல் அது. இரண்டு வாக்குகள் இருக்கும் இடத்தில் பாதிக்கு மேல் என்றால் இரண்டும்தான். ஊர்ச் சனசமூக நிலையத்தின் பொதுக்கூட்டத்துக்குத் தலைவர் மட்டும் வந்து, கோரம் சேராமல் கூட்டத்தைத் தொடங்க முடியாது என்று கதிரையில் காத்திருப்பாரே, முதல் சேர்வர் அந்த நிலையில் இருந்தது. இயக்க முயன்றால் அது திருப்பிச் சொல்வது ஒரு கேள்வி: கொத்தணி தயாரில்லை, கோரம் இல்லையோ? எனக்கு அந்தக் கேள்விக்குறி எப்போதும் பிடிக்கும். இயந்திரத்துக்கே நிச்சயமில்லை.

மற்றச் சேர்வர் ஏன் வரவில்லை என்று பார்க்கத் திரை ஒன்றைத் தூக்கிவந்து இணைத்தேன். அன்பளிப்பாக வந்த பெட்டி அல்லவா, தாய்ப்பலகையில் இருக்கும் நாணய அளவான பற்றரி எப்போதோ செத்துப்போயிருந்தது. மின்சாரம் அறுபடாதவரை அது யாருக்கும் தெரியாது. அறுபட்டதும், கணினியை முதலில் எழுப்பும் பயோஸ் தன் அமைப்புகளை எல்லாம் மறந்து, நேரத்தையும் மறந்து, "தொடர ஒரு விசையை அழுத்துங்கள்" என்று திரையில் எழுதிவிட்டுக் காத்திருந்தது. அந்தப் பெட்டிக்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. ஒன்று வாக்குக்குக் காத்திருக்க, மற்றது ஒரு விரலுக்குக் காத்திருக்க, வெளியே நோயாளர்கள் காத்திருந்தார்கள்.

விசையை அழுத்தியதும் கோரம் சேர்ந்தது. அப்போதும் ஒன்றும் எழவில்லை. சேமிப்பகம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் சேர்வர்கள் அதை எண்ணால் தேடவில்லை, பெயரால் தேடின. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். ஒரு மெய்நிகர் இயந்திரம். அந்த இயந்திரத்தின் வட்டு சேமிப்பகத்துக்குள் இருந்தது. சேமிப்பகத்தைக் கண்டுபிடிக்க டி.என்.எஸ். வேண்டும், டி.என்.எஸ். எழும்பச் சேமிப்பகம் வேண்டும். என் மடிக்கணினிக்கும் முகவரி கிடைக்கவில்லை, ஏனென்றால் முகவரி வழங்கும் டி.எச்.சி.பி.யும் ஒரு மெய்நிகர் இயந்திரம். இணையம் இல்லை, இணையத்துக்கான காவல் வாசலான தீச்சுவரும் மெய்நிகர் இயந்திரம். கைப்பேசியில் மெல்பேர்னுக்கு அழைத்தேன். அங்கே நள்ளிரவாகிக்கொண்டிருந்தது. பாதித் தூக்கத்தில் எடுத்தவர், "எல்லாவற்றையும் விக்கியில் விபரமாக எழுதி வைத்திருக்கிறேன் அண்ணை" என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. குறிப்புகளை வைத்திருக்கும் அந்த விக்கித் தளம் எங்கே ஓடுகிறது என்பது இருவருக்கும் தெரியும். கடவுச்சொல் பெட்டகமும் அதற்குப் பக்கத்து இயந்திரத்தில்தான். நல்ல காலமாக, முதன்மைக் கடவுச்சொல் அவருக்கு இன்னும் நினைவிருந்தது.

பிறகு நேரம். இரண்டாவது சேர்வர் பல வருடங்கள் பின்னால் போயிருந்தது. சரியான நேரத்தை இணையத்தில் கேட்டுப் பெறவேண்டும், அதற்கு டி.என்.எஸ்.ஸும் தீச்சுவரும் வேண்டும். எல்லோருடைய உள்நுழைவையும் ஓரிடத்தில் சரிபார்க்கும் விண்டோஸ் டொமைன் ஒன்றில் கணினிக்கும் சேர்வருக்கும் இடையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தாலே உள்நுழைவு மறுக்கப்படும்; இங்கே வித்தியாசம் வருடக்கணக்கில். பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் "இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை" என்றன. இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். நேரம் ஒன்றாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1996இல் அரசாங்கம் கடிகாரத்தை முதலில் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, பிறகு அதை அரை மணி நேரமாகக் குறைத்தபோது, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்திலேயே நின்றன. 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு முகமாலைச் சோதனைச்சாவடியைக் கடந்தால் கைக்கடிகாரம் அரை மணி நேரம் பிழை காட்டும். 2006 ஏப்ரலில்தான் கொழும்பின் நேரம் பழையபடி ஐந்தரைக்குத் திரும்பியது. உலகத்தின் எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருக்கும் நேரவலயக் கோப்பில் கொழும்பு என்ற பெயருக்குக் கீழே இந்த மாற்றங்கள் திகதியோடு பதிவாகியிருக்கின்றன. ஒரு நாட்டுக்குள் இரண்டு நேரம் இருந்ததை அந்தக் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

யார் முதலில் எழும்புவது?

பதிவு மேசையில் இருக்கும் அக்கா அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தது இந்தக் கட்டத்தில்தான். அவர் கோபமாக வரவில்லை. நோயாளர்களுக்கு என்ன சொல்வது என்று தெரிந்துகொள்ள வந்தார். "தம்பி, கரண்ட் வந்துவிட்டதே, இது ஏன் இன்னும் வரவில்லை?" என்று கேட்டார். வழக்கமாக இப்படியான கேள்விக்கு "கொஞ்சம் பொறுங்கள் அக்கா, வந்துவிடும்" என்று சொல்லித் தப்பிவிடலாம். அன்று விளக்கத் தொடங்கினேன். பெட்டியில் கிடந்த பழைய ஆய்வுகூடப் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம் போட்டு, யாருக்கு யார் தேவை என்று அம்புக்குறி இட்டேன். மென்பொருளுக்குத் தரவுத்தளம். தரவுத்தளத்துக்குச் சேமிப்பகம். சேமிப்பகத்துக்குப் பெயர். பெயருக்கு டி.என்.எஸ். டி.என்.எஸ்.ஸுக்குச் சேமிப்பகம். உள்நுழைவுக்கு நேரம், நேரத்துக்கு இணையம், இணையத்துக்குத் தீச்சுவர், தீச்சுவருக்குச் சேமிப்பகம். கடைசி அம்புக்குறியைப் போட்டு முடித்தபோது தாளில் தொடக்கம் என்று ஒரு வட்டமும் இல்லை. எல்லா அம்புகளும் சுற்றிச் சுற்றி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் யார் முதலில் எழும்புவது?" என்றார்.

வலையமைப்பு நிர்வாகம் பற்றி எத்தனையோ பேர் என்னிடம் எத்தனையோ கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். எத்தனை மெய்நிகர் இயந்திரம் ஓட்டலாம், எவ்வளவு நினைவகம் வேண்டும், உரிமம் என்ன விலை. இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. நேர்முகப் பரீட்சையிலும் இல்லை, சான்றிதழ்ப் பரீட்சையிலும் இல்லை. இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்தவர் யாராக இருந்தாலும், ஒன்றை எழுப்பி மற்றதை எழுப்பி வரிசையாகத்தான் அமைத்திருப்பார். அமைக்கும்போது வட்டம் தெரியாது; ஒவ்வொன்றும் முன்பு ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்றின்மேல் ஏறி நிற்கும். டி.என்.எஸ். முதலில் வேறு பெட்டியில் ஓடியிருக்கும். பிறகு ஒரு நாள் இடம் மிச்சம் பிடிக்க அதையும் மெய்நிகராக்கிப் பொதுச் சேமிப்பகத்துக்கு நகர்த்தியிருப்பார்கள். எதையும் எதற்குள்ளும் தூக்கிப் போடலாம் என்பதே மெய்நிகராக்கத்தின் பெருமை. அந்த வசதிதான் இந்த வட்டத்தையும் கண்ணுக்குத் தெரியாமல் பூட்டிவிடுகிறது. எல்லாம் ஒரே நேரத்தில் இருண்டுபோகும் நாள் வரை அது யார் கண்ணிலும் படாது. நண்பனின் தரவு நிலையத்தில் அந்த நாள் வந்ததே இல்லை.

அக்கா தன் மேசையில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பிறகுதான் பார்த்தேன். ஒரு சீ.ஆர். கொப்பி. 2022இன் மின்வெட்டுக் காலத்தில் தொடங்கியது. முதல் பக்கத்தில் டோர்ச் எங்கே இருக்கிறது, வைத்தியர்களின் தொலைபேசி இலக்கங்கள் எவை, பணப்பெட்டியில் எவ்வளவு சில்லறை இருக்க வேண்டும் என்பவை. நோயாளர் இலக்கங்களுக்கு முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்து எழுதுகிறார். கணினி திரும்பி வந்ததும் அதிலுள்ள இலக்கங்களோடு இவை மோதாமல் இருப்பதற்கு. மெய்நிகர் இயந்திரங்களை எழுப்பி முடித்தபோது, விட்ட இடத்திலிருந்து அவரால் நிதானமாகப் பதிவேற்ற முடிந்தது. அவருடைய ஏற்பாடு இருட்டிலிருந்து தொடங்கியது. எங்களுடையது வெளிச்சத்தில் இருந்துகொண்டு இருட்டைக் கற்பனை செய்தது.

அதன் பிறகுதான் கொத்தணியைப் பிரித்தேன். மெய்நிகர் வட்டுகளைப் பொதுச் சேமிப்பகத்திலிருந்து எடுத்து ஒவ்வொரு சேர்வரின் சொந்த வட்டுக்கே மாற்றினேன். சேமிப்பகம் இப்போது காப்புப்படிகளுக்கு மட்டும். அது எழாவிட்டாலும் காலை வேலை நடக்கும். மெய்நிகர் தீச்சுவருக்குப் பதிலாகச் சிறிய ரவுட்டர் ஒன்று. டி.என்.எஸ்., டி.எச்.சி.பி., நேரம் ஆகிய மூன்றும் ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகை ஒன்றுக்குப் போயின. தனிப் பற்றரியோடு கூடிய கடிகாரச் சில்லு ஒன்றை அதில் பொருத்தியிருக்கிறேன், அதனால் இணையம் இல்லாமலே நேரம் தெரியும். நாணய அளவான அந்தப் பற்றரியையும் மறக்காமல் மாற்றினேன். பிறரை எழுப்ப வேண்டிய எதுவும் பிறரால் எழுப்பப்படக்கூடாது, இதுதான் நான் வைத்துக்கொண்ட விதி. புரொக்ஸ்மொக்ஸில் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் எழும்பும் வரிசையையும் இடைவெளியையும் எண்ணாகக் கொடுக்க முடியும். பலர் அதைத் தொடுவதே இல்லை. டொமைன் முதலில், சில நிமிடம் கழித்துத் தரவுத்தளம், அது முழுதாக விழித்த பிறகே நோயாளர் மென்பொருள். விக்கியில் இருந்ததை அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையிட்டு, அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.

எழுப்புவதைவிட அணைப்பதுதான் சிக்கலானது என்று இந்த வேலையில் தெரிந்துகொண்டேன். யூ.பி.எஸ். பற்றரி தாழ்ந்ததும் சேர்வர்களுக்கு அணையச் சொல்லிக் கட்டளை போகிறது. அவை ஒழுங்காக அணைகின்றன. கடைசிச் சேர்வர் அணைந்த சில வினாடிகளில், யூ.பி.எஸ். சாகுமுன்னரே, மின்சாரம் திரும்பிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்வரின் பக்கத்திலிருந்து பார்த்தால் மின்சாரம் அறுபடவே இல்லை. மின்சாரம் திரும்பியதும் எழும்பு என்று பயோஸில் எழுதியிருந்தாலும் அது வேலை செய்யாது. திரும்புவதற்கு முதலில் போயிருக்க வேண்டுமே. எல்லா விளக்கும் எரியும், சேர்வர்கள் மட்டும் உறங்கும். நெட்வேர்க் யூ.பி.எஸ். டூல்ஸ் என்ற திறந்த மென்பொருளில் இதற்கு வழி இருக்கிறது: அணைத்தல் தொடங்கிவிட்டால், இடையில் மின்சாரம் வந்தாலும் பின்வாங்காமல், யூ.பி.எஸ்.ஸின் வெளியீட்டைக் கொஞ்ச நேரம் அறுத்துவிட்டு மீண்டும் கொடுக்கச் சொல்லலாம். எழும்புவதிலும் அவசரம் கூடாது. எங்கள் ஊரில் மின்சாரம் ஒரே தடவையில் வருவது குறைவு. வந்து, போய், மின்னி, பிறகுதான் நிலைக்கும். ஆகவே யூ.பி.எஸ். பற்றரியில் குறிப்பிட்ட அளவு மின்னேறும் வரை அந்த ராஸ்பெரி பை பலகை, சேர்வர்களை எழுப்புவதில்லை.

யூ.பி.எஸ். பற்றியும் ஒரு மனக்குறை. விற்பவர்கள் எத்தனை நிமிடம் தாங்கும் என்று சொல்வார்கள், எந்த வெப்பத்தில் என்று சொல்வதில்லை. ஈய அமிலப் பற்றரிகளின் ஆயுட்காலம் 20 முதல் 25 பாகை செல்சியஸுக்குக் கணக்கிடப்பட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். சித்திரை வெயிலில், குளிரூட்டி நின்றுபோன அறையில், அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் திணிக்கப்பட்ட யூ.பி.எஸ்.ஸிடம் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது வேறு கணக்கு. சிறிய பெற்றோல் மின்பிறப்பாக்கி இன்னொரு வேடிக்கை காட்டும். அதன் அதிர்வெண் 50 ஹேர்ட்ஸில் நிலைத்து நிற்காது. உணர்திறன் கூடிய யூ.பி.எஸ். அதைக் கெட்ட மின்சாரம் என்று ஒதுக்கிவிட்டுப் பற்றரியிலேயே ஓடும். வெளியே மின்பிறப்பாக்கி உறுமிக்கொண்டிருக்க, உள்ளே பற்றரி தீர்ந்துகொண்டிருக்கும். அமைப்பில் உணர்திறனைக் குறைத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தூரத்திலிருந்து பார்ப்பதற்கும் வழி வேண்டும். நான்காம் தலைமுறைக் கைப்பேசி வலையமைப்பில் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பொது முகவரி அல்ல, 100.64 போன்ற எண்களில் தொடங்கும், ஆயிரம் பேர் பகிரும் பொது முகவரி ஒன்றுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு முகவரி. வெளியிலிருந்து அதற்குள் நுழைய முடியாது. எனவே பலகையே உள்ளிருந்து வெளியே, வாடகைக்கு எடுத்த சிறிய சேர்வர் ஒன்றுக்கு, வயர்கார்ட் சுரங்கம் (பூட்டிய தனி இணைப்பு) ஒன்றைத் திறந்து வைத்துக்கொள்கிறது. சேர்வர்கள் எல்லாம் செத்துக் கிடந்தாலும் வீட்டிலிருந்து அந்தப் பலகையோடு பேசலாம், அதைக்கொண்டு அவற்றை எழுப்பலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் மெய்நிகராக்கத்துக்கு எதிரானவன் என்று நினைக்க வேண்டாம். பழைய விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருளைப் பெட்டி செத்த பிறகும் உயிரோடு வைத்திருப்பதும், மேம்படுத்துமுன், அந்தக் கணத்தின் நிலையைப் பதியும் ஸ்னாப்ஷொட் ஒன்றை எடுத்துவிட்டு நிம்மதியாகக் கை வைப்பதும் அதனால்தான் முடிகிறது. (ஸ்னாப்ஷொட் காப்புப்படி அல்ல. அதே வட்டில் இருக்கும் ஒன்று வட்டோடு போகும். இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது.) புரோட்கொம் நிறுவனம் 2023 நவம்பரில், மெய்நிகராக்க மென்பொருள் நிறுவனமான விஎம்வேரை வாங்கி, நிரந்தர உரிமங்களை நிறுத்தி, 2024 பெப்ரவரியில் இலவசப் பதிப்பையும் எடுத்துவிட்டதால் பல சிறு நிறுவனங்கள் புரொக்ஸ்மொக்ஸுக்கு வந்தன. 2025 ஏப்ரலில் இலவசப் பதிப்பு திரும்பி வந்தபோது, போனவர்களில் பலருக்குத் திரும்பும் மனம் இருக்கவில்லை. புதிதாக வந்தவர்கள் முதலில் தேடும் பொத்தான் கொத்தணி உருவாக்கும் பொத்தான்தான். அது இலவசமாக இருக்கிறது, ஓர் அழுத்தத்தில் வேலை செய்கிறது. என் பயம் அந்த இடத்தில்தான்.

நண்பன் விடவில்லை

இதன் சுருக்கத்தைத் தொலைபேசியில் சொன்னேன். அவன் கேட்டவை நல்ல கேள்விகள். இரவு இரண்டு மணிக்குத் தாய்ப்பலகை எரிந்தால்? நேற்று இரவு எடுத்த காப்புப்படியை மற்றச் சேர்வரில் எழுப்புவேன். அதற்கு ஒரு மணி நேரம் போகலாம், அதற்குள் அக்காவின் கொப்பி ஓடும். அன்றைய பகல் தரவு? அது உண்மையான இழப்பு, ஒப்புக்கொள்கிறேன். அதனால் தரவுத்தளத்தை மட்டும் பகலில் அடிக்கடி தனியாகப் படியெடுக்கிறேன். உதிரிப்பாகம்? மாலையில் கொழும்பில் இரவு பஸ்ஸில் ஏற்றினால் விடிய யாழ்ப்பாணத்தில் கையில் கிடைக்கும். இதைக் கேட்டுச் சிரித்தான். ஆனால் எங்கள் ஊரில் இதைவிட நம்பகமான விநியோக ஏற்பாடு எனக்குத் தெரியாது.

உண்மையாகவே நிற்காத சேவை வேண்டுமென்றால் அதை முழுதாகச் செய்யட்டும் என்பது என் நிலைப்பாடு. மூன்று சேர்வர்கள், அவற்றுக்கிடையே தனி வலையமைப்பு, மூன்றிலும் பரவிய சேமிப்பகம், அதைப் புரிந்துகொண்ட ஒருவர் ஊரிலேயே. இரண்டு சேர்வருக்கு வெளியிலிருந்து மூன்றாவது வாக்கு ஒன்றை ஒரு சிறு பலகையிலிருந்து கொடுக்கலாம் என்று அவன் சொன்னான். முடியும், கோரப் பிரச்சினை அதோடு தீரும். சேமிப்பகம் ஒன்றாகவே இருக்கும்வரை மற்றவை தீராது. ஒன்றைச் சொன்னதும் அவன் கொஞ்சம் அமைதியானான்: அமைத்தவர்கள் போய்விடுகிறார்கள். நானும் ஒரு நாள் போகலாம். அடுத்து வருபவர், அலுமாரிக் கதவில் ஒட்டிய தாளைப் படித்து எழுப்பக்கூடியதாக இருக்க வேண்டும்.

"உன் பலகையின் நினைவக அட்டை செத்தால்?" என்று கடைசியாக மடக்கினான். அட்டைக்கு எழுதாமல் படிக்க மட்டும் விட்டிருக்கிறேன். இன்னொரு அட்டை உறைக்குள் போட்டு அதே கதவில் ஒட்டியிருக்கிறது. இதற்கு அவனிடம் பதில் இருக்கவில்லை. ஆனால் இன்னொரு கேள்வி வைத்திருந்தான். போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில் மருத்துவ நிலையம் பூட்டியிருக்கும்போது நான் பிரதான ஆளியை அணைத்து, எல்லாம் தாமாக எழும்புகின்றனவா என்று பார்ப்பதுண்டு. "ஆளில்லாத நாளில் எழும்புவது பெரிய விடயமா? ஞாயிறு மாலை எல்லா மேசையிலிருந்தும் ஒரே நேரத்தில் உள்நுழைவார்கள். அப்போது எழும்புமா?" என்றான். சரியான கேள்வி. ஞாயிறு மாலை ஒரு தடவை அணைத்துப் பார்க்கிறேன் என்று பெரிய வைத்தியரிடம் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தம்பி, நோயாளர்களை வைத்துக்கொண்டா?" என்றார். காரணத்தைச் சொன்னேன், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். பக்கத்தில் நின்ற அக்கா, "கார்த்திகை மாரி வரட்டும் தம்பி, யாரையும் கேட்காமலே அணையும்" என்கிறார்.